கரண்டிமூக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டவர்

“நாலாயிரத்து இருநூத்திப் பத்து. பேசாதீங்க தம்பி.”

நான் பேசவில்லை, இருமினேன். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது முழங்கையால் என்னை ஓரங்கட்டிவிட்டு, வலது கையில் இருந்த சின்ன எவர்சில்வர் கவுண்டரைக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே போனார். ஒரு தட்டுக்குப் பத்துப் பறவை. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல் உள்வாங்கியிருந்தது. ஈரம் மின்னும் சேற்றுவெளியில், யாரோ கைதவறி மிளகு டப்பாவைக் கவிழ்த்ததுபோல ஆயிரக்கணக்கில் உள்ளான் பறவைகள். எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன. அதை ஒருமுறை வாய்தவறி அவரிடம் சொல்லியும் விட்டேன். “எனக்கும் நீங்க எழுதற பத்திரிகை எல்லாம் ஒண்ணு மாதிரிதான் தெரியுது,” என்றார்.

ஐம்பத்து நாலு வயது. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பது வருடமாக வேலை. ஊரில் பாதிப் பேரின் ரத்தத்தை அவர் பார்த்திருக்கிறார்; அதனால் தெருவில் யாராவது எதிரே வந்து சிரித்தால், பதிலுக்குச் சிரிப்பதற்கு முன்பு அவர்களின் கீழ் இமை வெளுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுவார். எல்லோருக்கும் அவர் ‘லேப் அக்கா’. கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து, வெள்ளணுக்களில் இந்த வகை இத்தனை, அந்த வகை இத்தனை என்று எண்ணுவதுதான் வேலை. இப்போது அதற்கெல்லாம் மெஷின் வந்துவிட்டது. மெஷினுக்குச் சந்தேகம் வரும் ரத்தம் மட்டும் அக்காவின் மேஜைக்கு வரும். “தெரியலன்னா தெரியலன்னு சொல்லுது பாருங்க, அந்த புத்தி மனுஷங்களுக்கு இல்ல,” என்று மெஷினைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். கீழே அவர் கணவரின் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் பட்டறை. கழற்றிய கதவுகள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருக்க, நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, உள்ளுறுப்பெல்லாம் வெளியே தெரியும் ஏதாவது ஒரு ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருப்பார். மனைவியைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு புகார்தான். “காலையில தூரத்துல எண்ணுவா. பகல்ல கிட்டத்துல எண்ணுவா. நடுவுல வீட்ல இருக்கற என்னை ஒரு ஆளா எண்ணினதே இல்ல.”

இது முழு உண்மை இல்லை. அக்கா எல்லாவற்றையும் எண்ணுவார். நான் குடிவந்த மூன்றாம் நாளே என்னை நிறுத்தி, “மாடிப்படி பதினேழு இருக்கு. நீங்க பதினாறுதான் மிதிக்கறீங்க. ஒண்ணைத் தாண்டறீங்க, விழுவீங்க,” என்றார். அந்த வாரமே விழுந்தேன். மாமனார் இறந்தபோது வந்தவர்களை அழுதுகொண்டே எண்ணினார் என்று அவருடைய நாத்தனார் இன்றுவரை குத்திக்காட்டுவார். மறுநாள், “நூத்தி எம்பத்தாறு பேர் வந்தாங்க,” என்று சொன்னாராம். அக்கா அதை மறுக்கவில்லை. “நான் எண்ணலன்னா, அந்த மனுஷனுக்காக எத்தனை பேர் வந்தாங்கன்னு யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” என்று மட்டும் கேட்டார்.

கடலோரத்தில் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முழங்காலைத் தாண்டித் தொங்கும் கணவரின் பழைய மழைக்கோட்டு. தலையில் ஆபரேஷன் தியேட்டரில் போடும் பச்சைத் துணித் தொப்பி. காது மூடும், காற்றில் பறக்காது என்பதால். தொலைநோக்கியின் முக்காலியில் ஒரு கால் என்றோ முறிந்து, அந்த இடத்தில் ஃப்ரிட்ஜின் செம்புக்குழாயைச் சுற்றிக் கணவர் ஒட்டுப்போட்டிருந்தார். பிளாஸ்கில் டீ இருக்கும். எண்ணி முடிக்கும்வரை தொட மாட்டார். முடிக்கும்போது டீ ஆறியிருக்கும். “ஆறின டீதான் நல்லது. அவசரப்படுத்தாது.”

எங்கள் ஊரில் ஒரு பறவை சங்கம் உண்டு. இருபத்திரண்டு உறுப்பினர்கள், பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள். யார் எந்தப் பறவையை எங்கே பார்த்தாலும் சங்கத்தின் பெரிய நோட்டில் ஏற வேண்டும். நோட்டு பத்தொன்பது வருடமாக அக்காவின் கையில். அவரிடம் இருக்கிற ஒரே சட்டம் இதுதான்: “பார்த்திருந்தா எழுதுங்க. பார்த்த மாதிரி இருந்துச்சுன்னா வீட்டுக்குப் போய் டீ குடிங்க.” சட்டம் சின்னதுதான். ஆனால் அதில் அடிபடாதவர் சங்கத்தில் இல்லை. யாராவது முகம் மலர, “அக்கா, இன்னிக்கு ஒரு அபூர்வம்,” என்று ஓடிவந்தால், “கால் என்ன நிறம்?” என்பார். தெரியாது. “பறக்கும்போது முதுகுல வெள்ளை இருந்துச்சா?” கவனிக்கவில்லை. “அப்ப அது பறந்துச்சுங்கறது மட்டும் உறுதி.” வந்தவர் முகம் கூம்பித் திரும்பிப் போவார்.

சங்கத் தலைவர் ஒரு முன்னாள் வங்கி மேலாளர். இஸ்திரி கலையாத சட்டையோடு சேற்றோரம் வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். நாலு வருடத்துக்கு முன்பு, சேற்றுவெளியின் கோடியில் ஒரு கம்பத்தின் உச்சியில் பெரிய கடல்கழுகு ஒன்று உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததாக எழுதினார். அக்கா மறுநாள் காலை முழங்கால் சேற்றில் நடந்து கம்பம்வரை போய், அங்கே சிக்கிக் காற்றில் சிறகடித்துக்கொண்டிருந்த கறுப்பு பிளாஸ்டிக் பையைக் கழற்றிக் கொண்டுவந்து, சங்கக் கூட்டத்தில் மேஜைமேல் வைத்தார். நோட்டில் கழுகின் மேல் ஒரு கோடு விழுந்தது. அன்றிலிருந்து தலைவர் அவரோடு நேரடியாகப் பேசுவதில்லை. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றாலும் நடுவில் ஒரு ஆள் வேண்டும். பல நாள் அந்த ஆள் நான். “முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லுங்க அவங்கள.” “நகர்த்த முடியாதுன்னு சொல்லுங்க தம்பி.” இடையில் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்காது. நின்றால் போதும்.

இவ்வளவு கறாரான ஒருவருக்குத்தான் அது நடந்தது.

போன வலசைக் காலத்தின் நடுவில், துறைமுக நிர்வாகம் அந்தச் சேற்றுவெளி முழுவதையும் மண்கொட்டி மேடாக்கி லாரிகள் நிறுத்தும் இடமாக்கப் போவதாக அறிவித்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சங்கத்தில் எல்லோரும் ஆளுக்கொரு மனு எழுதினார்கள். ‘இயற்கையின் மடி’ என்ற சொல் எட்டு மனுக்களில் வந்தது. அக்கா மனு எழுதவில்லை, வழக்கம்போல எண்ணிக்கொண்டிருந்தார். அப்படி எண்ணிக்கொண்டிருந்த ஒரு காலையில், சிட்டுக்குருவி அளவே இருக்கும் கொசு உள்ளான்களின் கூட்டத்துக்கு நடுவில், நுனி அகன்ற ஒரு மூக்கைக் கண்டார்.

கரண்டிமூக்கு உள்ளான் என்று ஒரு பறவை இருக்கிறது. குட்டிப் பறவை, மூக்கின் நுனி மட்டும் சின்னக் கரண்டிபோல விரிந்திருக்கும். உலகம் முழுவதும் சேர்த்து எண்ணினாலும் சில நூறுதான் மிச்சம். பறவை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் அதைப் படத்தில் பார்த்ததோடு சரி. அக்கா ஒவ்வொரு வருடமும் அதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பதை அதற்குப் பிறகுதான் நாங்கள் தெரிந்துகொண்டோம். யாரிடமும் அவர் சொன்னதில்லை.

நாற்பது நிமிடம் பார்த்தார். தூரம் அதிகம், வெயில் எதிரே. ஆனாலும் மூக்கின் நுனி இரண்டு பக்கமும் சமமாக அகன்றிருந்தது. பிறகு கூட்டம் மொத்தமாக எழும்பிப் போய்விட்டது. சந்தேகமானதை ஒரு நாள் தள்ளிவைத்து மறுநாள் எழுதுவது அவர் வழக்கம். அன்று அப்படிச் செய்யவில்லை. சுவர்மேல் நோட்டை வைத்து அங்கேயே எழுதினார். அந்தப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன், அவர் எழுத்து என்றே நம்ப முடியாது. எழுதி முடித்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து, சூடாக இருந்த டீயை அப்படியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அடுத்த பத்து நாள் அக்காவின் வாழ்க்கையில் அவருக்கே பழக்கமில்லாத நாட்கள். செய்தித்தாளில் படம் வந்தது, பச்சைத் தொப்பியோடு. பீரங்கி மாதிரி லென்ஸ்களைத் தூக்கிக்கொண்டு வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தினமும் அறுபது எழுபது பேர் தடுப்புச் சுவரில் வரிசையாக முழங்கை ஊன்றி நின்றார்கள். பறவை மறுபடி யாருக்கும் தட்டுப்படவில்லை. ஆனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “லேப் அக்கா பார்த்தாங்கன்னா பார்த்ததுதான்” என்பது ஊருக்கே தெரியும். துறைமுக நிர்வாகத்தின் பேச்சு சட்டென்று மெதுவாகியது. “மறுபரிசீலனை செய்யப்படும்” என்று ஒரு அறிக்கை வந்தது. தலைவர் ஒரு பூங்கொத்தோடு பரிசோதனைக் கூடத்துக்கே போய், நாலு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்து, “எங்க மானத்தைக் காப்பாத்திட்டீங்கம்மா,” என்றார். பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா ரத்தக் குப்பிகளின் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

கணவருக்குத்தான் பெருமை தாங்கவில்லை. ஃப்ரிட்ஜ் கொண்டுவருகிறவர்களை எல்லாம் ஐந்து நிமிடம் நிறுத்திவைப்பார். “என் வீட்டுக்காரி ஒரு குருவியைப் பார்த்தா. அத்தனை லாரியும் அப்படியே நின்னுடுச்சு.” அது குருவி இல்லை என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

பதினோராம் நாள் காலையில் நான் அக்காவோடு இருந்தேன். வெளியூர்க்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மேற்குப் பக்கம், துறைமுகக் கால்வாயைத் தூர்வாரிய களிமண்ணைக் கொட்டியிருந்த இடத்தில், ஏழெட்டுக் கொசு உள்ளான்கள் குத்திக்குத்தித் தின்றுகொண்டிருந்தன. நல்ல கிட்டம், எனக்கே கால் நிறம் தெரிந்தது. அதில் ஒன்று தலையைத் தூக்கியது. மூக்கின் நுனியில் கறுப்பாக, அகலமாக, இரண்டு பக்கமும் சமமாக ஒரு கரண்டி.

“அக்கா,” என்றேன்.

“பார்த்துக்கிட்டுதான் இருக்கேன்.”

அந்தப் பறவை நாலு அடி நடந்து ஒரு சின்னக் குட்டையருகே போனது. மூக்கைத் தண்ணீரில் இரண்டு தரம் அளைந்தது. தலையை உதறியது. கரண்டி விழுந்துவிட்டது. ஊசிபோன்ற பழைய மூக்கோடு அது திரும்பக் களிமண்ணுக்குப் போய்க் குத்தத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இருந்த இன்னொன்றும் கரண்டியோடு நிமிர்ந்தது.

அக்கா தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றித் துடைத்தார்.

“அன்னிக்கும் இந்தக் கூட்டம் மேற்கேயிருந்துதான் வந்துச்சு,” என்றார்.

“அதுக்காக அன்னிக்குப் பார்த்ததும் சேறுதான்னு எப்படிச் சொல்ல முடியும்? அது நிஜமாவே கரண்டிமூக்கா இருந்திருக்கலாமே?”

“இருந்திருக்கலாம்.”

“அப்புறம் என்ன?”

“இருந்திருக்கலாம்னு எழுத நோட்டுல எடம் இல்ல தம்பி.”

அவர் அன்று எண்ணவில்லை. நான் அறிந்து, கடலோரம் வந்து அவர் எண்ணாமல் திரும்பிய ஒரே நாள் அது.

முதலில் தலைவரிடம்தான் சொன்னார். சங்க அறையில், பழைய நாற்காலிகள் இரண்டை எதிரெதிரே போட்டு உட்கார்ந்தார்கள்; நான் கதவோரம் நின்றேன். தலைவர் முழுவதையும் கேட்டுவிட்டு, சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து, பார்த்து, திரும்பச் செருகினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “அம்மா, நான் உங்களைப் பொய் சொல்லச் சொல்லல. கூட்டத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள். அதுவரைக்கும் சும்மா இருங்க. சும்மா இருக்கறது பொய்யா?”

“தப்புன்னு தெரிஞ்ச ரிப்போர்ட்டைக் கையில வெச்சுக்கிட்டு சும்மா இருந்தா, அதுக்கு எங்க லேப்ல வேற பேரு சார்.”

“இது ரத்தம் இல்லம்மா. ஒரு பறவை. அந்த ஒரு பறவையை எடுத்துட்டா மிச்ச பத்தாயிரத்துக்கும் நிக்க எடம் இல்லாமப் போயிடும். அந்தப் பாவம் யாருக்கு?”

கேள்வி நியாயமானது. எழுந்து வரும்போது அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒன்றைப் பார்த்தேன்: எத்தனை என்று தெரியாத ஒருவரின் முகம்.

மூன்று நாள் அவர் யாரோடும் சரியாகப் பேசவில்லை. பட்டறையில் கணவர் வழக்கம்போல ஃப்ரிட்ஜோடு பேசிக்கொண்டிருந்தார். அக்கா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். நான் செய்தித்தாள் இரவல் வாங்கப் போயிருந்தேன். எதற்கும் தலையிடாத அந்த மனிதர், ஸ்பேனரைக் கீழே வைக்காமலே பேச்சைத் தொடங்கினார்.

“ஒருத்தருக்கு ரிப்பேர் பண்ணி அனுப்பிட்டேன்னு வெச்சுக்க. அவரும் சந்தோஷமா எடுத்துட்டுப் போயிட்டார். ஊரெல்லாம் என்னைப் பத்திப் பெருமையாச் சொல்றார். ஆனா கேஸ் லீக் ஆகுதுன்னு எனக்கு மட்டும் தெரியும்.”

“தெரிஞ்சா?”

“வண்டியை எடுத்துட்டு நானே போவேன். போற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கிட்டே போவேன். ஆனா போவேன்.”

“அவரை எதுக்குத் திட்டறீங்க? தப்பு உங்க மேல,” என்றார் அக்கா.

“அதனாலதான் திட்டறேன்.”

அக்கா சிரித்தார். அந்த மூன்று நாளில் முதல் சிரிப்பு. எழுந்து உள்ளே போய், மர அலமாரியைத் திறந்து, சங்கத்தின் பழைய நோட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தூசி தட்டத் தொடங்கினார். மொத்தம் பதினொன்று. நான் எண்ணவில்லை, அவரே சொன்னார்.

கூட்டம் துறைமுக அலுவலகத்தின் பெரிய அறையில் நடந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலிகளுக்கு எல்லோரும் போட்டிபோட்டார்கள். மேடையில் விசாரணை அதிகாரி, நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஒரு அம்மா. பக்கத்தில் துறைமுகப் பொறியாளர், உருட்டிய வரைபடங்களோடு. சங்கத்தார் முன்வரிசையில் இருந்தார்கள். அக்கா என்ன செய்யப்போகிறார் என்று அவர்களில் தலைவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா எழுந்து மைக்கைப் பிடித்தார். மைக் கூவியது. தள்ளிவைத்துவிட்டு மைக் இல்லாமலே பேசினார்.

“கரண்டிமூக்கு உள்ளான் பார்த்ததா நான் எழுதியிருந்தேன். அதை நான் திரும்ப வாங்கிக்கறேன். சாதாரண உள்ளான் மூக்குல களிமண்ணு ஒட்டினா அதே மாதிரி தெரியுது. என் கண்ணாலயே பார்த்தேன். அன்னிக்குப் பார்த்தது எதுன்னு என்னால உறுதியாச் சொல்ல முடியல. அதனால அது இல்ல.”

அறை சலசலத்தது. பின்வரிசையில் ஒருவர், “அப்ப நாங்க வந்த பஸ் செலவு?” என்றார். சங்கத்தில் ஒரு பெண்மணி முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பொறியாளர் நாகரிகமானவர், சந்தோஷத்தை அடக்க முயன்றார், முடியவில்லை.

“ஆக, அங்கே ஒன்றும் இல்லை என்று நீங்களே ஒத்துக்கொள்கிறீர்கள்,” என்றார்.

“ஒண்ணு இல்லன்னுதான் சொன்னேன்,” என்றார் அக்கா. “மத்ததெல்லாம் இருக்கு.”

பதினொரு நோட்டும் மேஜைமேல் ஏறின. முதல் நோட்டின் முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். தேதி, நேரம், காற்று எந்தப் பக்கம், கொசு உள்ளான் எத்தனை, பவளக்காலி எத்தனை, உப்புக்கொத்தி எத்தனை. ரேஷன் கடை வரிசையில் பெயர் கூப்பிடுவதுபோல, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தார். முதல் பத்து நிமிடம் மக்கள் நெளிந்தார்கள். இருபதாவது நிமிடத்தில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு விளங்கவில்லை; அறையில் சத்தம் அடங்கிவிட்டது. வருடம் வருடமாக, ஒவ்வொரு காலையும், மழையிலும் காய்ச்சலிலும் ஒரு ஆள் அங்கே நின்றிருக்கிறார் என்பது எல்லோருக்கும் மெல்ல உறைத்தது. ஒரு இடத்தில் நிறுத்தி, “இந்த நாள் இல்ல. மாமனார் தவறிட்டார்,” என்று சொல்லிவிட்டு அடுத்த நாளுக்குப் போனார்.

நாற்பது நிமிடம் கழித்து அதிகாரி கையை உயர்த்தினார். “போதும்மா. ஒரு கேள்வி. ஒரு பறவை விஷயத்துல தப்புப் பண்ணிட்டேன்னு இப்பத்தான் சொன்னீங்க. இந்த எண்ணிக்கை எல்லாம் சரின்னு நான் எதை வெச்சு நம்பறது?”

அக்கா குனிந்து கையில் இருந்த நோட்டைப் பார்த்தார். தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்ல அவருக்கு வராது.

முன்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. தலைவர் எழுந்து நின்றார். இஸ்திரிச் சட்டையின் கைமடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

“மேடம், நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் ஒரு கழுகைப் பார்த்ததா எழுதினேன். இந்தம்மா அதை அடிச்சுட்டாங்க. அதுக்காக இவங்களோட நான் பேசறதையே விட்டுட்டேன். போன மாசம்தான் மறுபடி பேசினேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “அது பிளாஸ்டிக் பைதான். எனக்கு அன்னிக்கே தெரியும். நான் அடிக்கல, இவங்க அடிச்சாங்க. இன்னிக்குத் தன்னோடதையும் அடிச்சிருக்காங்க. அடிச்சதுபோக அந்த நோட்டுல மிச்சம் இருக்கறதை நீங்க நம்பலாம்.”

உட்கார்ந்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. கையில் இருந்த நோட்டின் பக்கத்தைத் தேவையில்லாமல் புரட்டிக்கொண்டிருந்தார். அதிகாரி பதினொரு நோட்டையும் தன்னிடம் விட்டுப் போகும்படி கேட்டார். அக்கா ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. மேற்குப் பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு லாரிகளுக்கு. மிச்சம் இரண்டு பங்கு பறவைகளுக்கு, யாரும் தொடக் கூடாது. சங்கத்தில் கேக் வெட்டினார்கள். அக்கா ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு, “மேற்குல மட்டும் நாலாயிரத்து நூறு நின்னுச்சு. அது இனி எங்க போகும்?” என்று கேட்டுக் கொண்டாட்டத்தைக் கொஞ்சம் மந்தமாக்கினார். தலைவர் நேராக அவரைப் பார்த்தே பதில் சொன்னார்: “வர்ற வருஷம் எண்ணிப் பார்த்துச் சொல்லுங்க.” கரண்டிமூக்கு இல்லை என்ற செய்தி ஏழாம் பக்கத்தில் ஒரு மூலையில் வந்தது. முதல் பக்கத்தில் வந்ததைப் படித்தவர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் தடுப்புச் சுவரருகே அவரிடமே வந்து, “இங்கதானே அந்தக் கரண்டிமூக்கு இருக்கு?” என்று கேட்கிறார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் களிமண்ணிலிருந்து தொடங்கி முழுக் கதையையும் சொல்கிறார். பாதியில் நழுவ முடியாது.

இந்த வருடம் பறவைகள் வரத் தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, துறைமுக நிர்வாகம் சேற்றுவெளியின் வாசலில் ஒரு பெரிய தகரப் பலகை நட்டது. ‘பறவைகளின் புகலிடம்’ என்று எழுத்து. கீழே வெளிர்நீல வானத்தில், ஒரு ஆள் உயரத்துக்கு, பழைய செய்தித்தாளைப் பார்த்து வரைந்த கரண்டிமூக்கு உள்ளான். கரண்டியை ஓவியர் தாராளமாகவே போட்டிருந்தார், குழம்பே ஊற்றலாம். அக்கா நிர்வாகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். முதல் இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, ‘தங்கள் பாராட்டுக்கு நன்றி’ என்று வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை நடைக்குப் போனேன். பலகைக்கு முன்னால் பட்டறை ஸ்டூல். அதன்மேல் மழைக்கோட்டும் பச்சைத் தொப்பியுமாக அக்கா. ஒரு கையில் தூரிகை, மறு கையில் ஃப்ரிட்ஜ் கதவின் கீறலுக்கு அடிக்கும் வெளிர்நீலப் பெயிண்ட் டப்பா. கீழே கணவர் இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, ரோட்டின் இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்தபடி, “சீக்கிரம் முடிம்மா. சர்க்கார் சொத்து. என்னையும் சேர்த்துப் புடிச்சுட்டுப் போயிடுவாங்க,” என்று முனகிக்கொண்டிருந்தார். அக்காவின் காதில் விழவில்லை. கரண்டியின் இடது ஓரம் வானத்தோடு வானமாக மறைந்தது. பிறகு வலது ஓரம். பெரிய கறுப்பு மூக்கு மெலிந்து, கூர்மையாகி, ஒரு சாதாரணக் கொசு உள்ளானின் மூக்காயிற்று.

அவர் இறங்கினார். தூரிகையைக் கணவரிடம் கொடுத்தார். பலகைக்கு முதுகைக் காட்டி ரோட்டில் முப்பது அடி நடந்து போய், திரும்பி நின்று, கழுத்தில் தொங்கிய இருகண் நோக்கியைத் தூக்கி அந்தத் தகரப் பறவையை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, “நுனியில இன்னும் கொஞ்சம் கரண்டி இருக்கு,” என்று கணவரின் கையிலிருந்து தூரிகையை வாங்கிக்கொண்டு, மறுபடி ஸ்டூலில் ஏறினார்.